ஓக்லாவில் வாத்து பார்த்த கதை

டெல்லியை ஒட்டிய ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆட்டோக்காரன் நினைப்பு வந்து எல்லாம் கலைந்துவிட்டது. மயூர் விஹாரில் அக்கா வீட்டு வாசலில் ஏறினோம். மீட்டரைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான், 350 ரூபாய். இறங்கித் திரும்பினால் பக்கத்திலேயே மெட்ரோ ஸ்டேஷன், பேரே ஓக்லா பறவைகள் சரணாலயம்! இதை முன்னாடியே சொல்லாத அத்தானை என்ன செய்ய?

ஜனவரி மூடுபனி. தண்ணீர் எது, வானம் எது என்றே தெரியவில்லை. விலகியதும் கரைப் புல்லில் பட்டைத்தலை வாத்துகள். வெள்ளைத் தலையின் பின்பக்கம் மை தீற்றின மாதிரி இரண்டு கறுப்புப் பட்டை. எல்லாம் குனிந்து மேய, ஒன்று மட்டும் கழுத்தை நட்டுக்கொண்டு காவல் நின்றது. இமயமலையைத் தாண்டி வந்த உடம்பு! நான் வாயைப் பிளந்து நிற்க, லண்டனில் ஆறு வருஷம் இருந்த அத்தான், “இதுக்கா மாப்ள இவ்வளவு? அங்க பார்க்ல கால் வைக்க முடியாது, ஒரே எச்சம்” என்றார்.

அவர் சொன்னது கனடா வாத்தை. 17ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் அழகுக்காக விட்டது. 1950, 60களில் பயிரை மேய்கிறது என்று புகார் வர, பிடித்து வேறு வேறு ஏரிகளில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். போன இடமெல்லாம் பெருகிவிட்டது. தெருநாயைப் பிடித்து அடுத்த தெருவில் விடுகிற அதே புத்தி! கூட்டத்தைக் குறைக்கலாம் என்று முட்டையை உடைத்தால் மறுபடி இடும். அதனால் எண்ணெய் தடவிக் கூட்டிலேயே திரும்ப வைக்கிறார்கள். ஓட்டின் துளைகள் அடைபட்டுக் கரு செத்துப்போகும். தாய் தெரியாமல் அடைகாத்துக்கொண்டே இருக்கும். கேட்கவே வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் சிறகுதிர்ந்து பறக்க முடியாத நாட்களில் வளைத்துப் பிடித்துக் கொல்வதற்கு இது தேவலை.

இதில் கூத்து, நான் 350 கொடுத்துப் பார்த்த இந்தப் பட்டைத்தலையும் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பி ஜெர்மனி, நெதர்லாந்துப் பக்கம் காட்டுப்பறவையாகத் திரிகிறதாம். இமயமலை தாண்டுகிற ஜீவன் அங்கே பூங்காவில் ரொட்டிக்கு நிற்குமோ என்னவோ.

இன்னொரு வயிற்றெரிச்சல்: இதே வாத்து குளிர்காலத்தில் எங்கள் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கும் வரும். டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கலாம்.

திரும்பும்போது மெட்ரோ. டிக்கெட் அத்தான்தான் எடுத்தார்.