அப்பச்சியின் பழைய ரிப்போர்ட்டுகள்

எங்கள் லேபுக்கு வருகிறவர்கள் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் தேடுவது சர்க்கரை, அப்புறம் ஹீமோகுளோபின். அதற்குக் கீழே, வெள்ளணுக்களில் நியூட்ரோபில் இத்தனை சதவீதம், லிம்போசைட் இத்தனை சதவீதம் என்று இரண்டு வரி இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. காரைக்குடியில் 19 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், நானும் அதை டைப் அடித்துக் கொடுத்ததோடு சரி. அப்பச்சியின் (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) குதிகாலில் ஒரு கருப்பு வந்த பிறகுதான் அந்த இரண்டு வரியைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

அப்பச்சிக்கு வயது 71. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு 30 வருடத்துக்கு மேல் வெறுங்காலில் நடந்தவர். அவர் பாதத்தில் வடு இல்லாத இடமே கிடையாது. ஒருநாள் முகப்பில் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தபோது, இடது குதிகாலில் மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளியைப் பார்த்தேன். "முள்ளுத் தச்ச தழும்பு ஆத்தா, விடு" என்றார். விட்டுவிட்டேன். ஏழெட்டு மாதத்தில் அது புளியங்கொட்டை அளவுக்குப் பரவிவிட்டது. ஓரமெல்லாம் கோணல், ஒரு பக்கம் மை மாதிரி, மறுபக்கம் காப்பி நிறம். முதலில் காட்டிய இடத்தில் கால் ஆணி என்று சொல்லிப் பிளாஸ்திரி கொடுத்தார்கள். அதில் ஆறு வாரம் போயிற்று. பிறகு மதுரையில் ஒரு தோல் மருத்துவர் பார்த்த அன்றே சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். மெலனோமா என்று வந்தது.

தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வரும் புற்றுநோய் இது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயில் இதற்குப் பெரிய காரணம். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு இது வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் அதிகம் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோய் என்பதால் வீட்டிலும் சந்தேகப்படுவதில்லை, சில சமயம் வைத்தியர்களுக்கும் தோன்றுவதில்லை.

"நடந்ததுனாலயா வந்துச்சு?" என்று அப்பச்சி ஒரே ஒரு தடவை கேட்டார். பாதத்தில் எடை அதிகம் விழும் இடங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஜப்பான் மருத்துவர்கள் 2016இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நடையே நடக்காதவர்களுக்கும் வருகிறது. முருகனிடம் போன கால் அது, அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சொல்வதற்கு ஆதாரமும் இல்லை.

வெட்டியெடுத்த கட்டியின் ஆழம் 1.4 மில்லிமீட்டர். மேல்தோல் புண்ணாகவில்லை. இந்த ஆழத்தை அளக்கும் முறையை 1970இல் சொன்னவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்கூறு மருத்துவர். இன்றும் முதலில் கேட்கப்படும் கணக்கு அதுதான். அப்புறம் பாதத்தில் நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியைத் தொடையிடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. ஆரம்பக் கட்டம்தான் என்றார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டேன்.

ஆனால் ஆரம்பக் கட்டத்தில் எடுத்தவர்களிலும் சிலருக்குச் சில வருடம் கழித்துத் திரும்ப வருகிறது. யாருக்கு என்பதை ஆழமும் நெறிக்கட்டியும் மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியவில்லை. அவை கட்டியைப் பற்றிப் பேசுகின்றன, அந்த ஆளின் உடம்பு அதை எப்படி எதிர்க்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதை ரத்தத்தில் படிக்க முடியுமா என்றுதான் ஆராய்ச்சி நடக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷின் எண்ணாது. ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, எண்ணெய் லென்ஸில் 100 வெள்ளணுக்களை நாமே எண்ண வேண்டும். நியூட்ரோபிலுக்கு உட்கரு மூன்று நான்கு துண்டாக மடிந்திருக்கும். லிம்போசைட் உருண்டையாக, முக்கால்வாசியும் கருநீல உட்கருவாக இருக்கும். கிருமி வந்தால் முதலில் ஓடுவது நியூட்ரோபில். புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டு கொல்லக்கூடிய டி செல்கள் லிம்போசைட் கூட்டத்தைச் சேர்ந்தவை. அந்த டி செல்களைக் கட்டிப்போடும் பிரேக்குகளைக் கண்டுபிடித்து, அவற்றை விடுவிக்க வழி காட்டியதற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. நியூட்ரோபில்களோ, கட்டிக்குப் பக்கத்தில் நெடுநாள் தங்கினால் சில சமயம் அதற்கே துணைபோகின்றன. அதனால் நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்து வரும் விகிதம் பல புற்றுநோய்களில் ஒரு குறியாகப் பார்க்கப்படுகிறது. முற்றிய மெலனோமாவில் விகிதம் ஏறியவர்களுக்கு நிலைமை பொதுவாக மோசமாக இருக்கிறது. ஆரம்பக் கட்டத்தில்தான் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

ஏன் ஒத்துப்போகவில்லை என்பது எங்கள் வீட்டிலேயே எனக்குப் புரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் அப்பச்சிக்கு நியூட்ரோபில் 78, லிம்போசைட் 14. விகிதம் ஐந்தரைக்கு மேல். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. விடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அந்த வாரம் இளைப்புக்கு அவர் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டு சில மணி நேரத்திலேயே நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கிவிடும். மாத்திரை நிறுத்திச் சில வாரம் கழித்து எடுத்தபோது 62, 29. விகிதம் இரண்டைச் சற்றுத் தாண்டியது. இடையில் கட்டியை எடுத்ததால் இறங்கியதா என்றால் அதுவும் இல்லை, இரண்டு தடவையும் காலில்தான் இருந்தது.

அன்று இரண்டாம் கட்டு அலமாரியிலிருந்த தகர டப்பாவைத் திறந்தேன். அப்பச்சி கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர், ஒரு காகிதத்தையும் வீசமாட்டார். எட்டு வருட ரிப்போர்ட் இருந்தது. சளி, காய்ச்சல் நாட்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், விகிதம் 1.8க்கும் 2.2க்கும் நடுவிலேயே நின்றிருக்கிறது. ஊருக்கான சராசரியைவிட அவருக்கு அவரே அளவுகோல் என்று நான் நினைக்கிறேன். இதை வைத்து நோய் திரும்புமா என்று சொல்ல முடியாது, டாக்டரும் அதை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. ஆனால் இனி ஒரு எண் ஏறினால், எதற்காக ஏறியது என்று கேட்க எனக்கு ஒரு தரை இருக்கிறது.

"கேன்சர் மார்க்கர் எல்லாம் பார்த்துருங்க" என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போது நின்று பேசுகிறேன். எல்.டி.எச். என்ற ரத்த நொதி மெலனோமாவில் எடைபோடப்படுவது நோய் தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகுதான். எஸ்.100.பி. என்ற புரதத்தை ஜெர்மனியில் தொடர் கண்காணிப்புக்குப் பயன்படுத்துகிறார்கள், அதுவும் முக்கியமாகப் பரவலைப் பிடிக்கத்தான். பெரிய தொகை கட்டி எடுக்கும் பேக்கேஜ் எதுவும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஈடாகாது. வரும் ஆச்சிமார்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்லி நானே பார்க்கிறேன். சிலர் கூச்சப்படுகிறார்கள், பரவாயில்லை.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. இந்த ரத்தக் குறிகளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் ரத்தம்தான் இருக்கிறது. உள்ளங்காலில் வரும் மெலனோமா மரபணு மாற்றத்திலும் வேறு, பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளுக்கு அடங்குவதும் குறைவு. அங்கே கிடைத்த எண்ணை இங்கே அப்படியே பொருத்த முடியாது. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைக்கு முன்பே ரத்தம் எடுத்து, அன்று என்ன மாத்திரை, என்ன காய்ச்சல் என்பதையும் எழுதிவைத்தால், பத்து வருடத்தில் நமக்கென்று ஒரு பதில் கிடைக்கும். அதற்கு வேண்டிய ஆட்கள் எங்களைப் போல ஊருக்கு ஊர் இருக்கிறோம்.

போன வாரம் அப்பச்சிக்கு நானே ரத்தம் எடுத்தேன். மெஷின் எண்ணியபிறகும் மனசு கேட்கவில்லை, ஸ்லைடு போட்டு 100 செல்லையும் எண்ணினேன். 63, 30. தேதியும், "மாத்திரை இல்லை, காய்ச்சல் இல்லை" என்றும் ஓரத்தில் எழுதித் தகர டப்பாவில் வைத்தேன். அடுத்த மாதம் மதுரையில் தொடையிடுக்கு ஸ்கேன்.