அம்மா கறி காய்ச்ச, அப்பா ருசி பார்க்க: பிரித்தானிய உணவு விளம்பரங்களும் புதிதாய் வந்த குடும்பமும்

பிரித்தானியாவுக்கு வந்த முதல் ஆறு மாதத்திலேயே ஒரு குடும்பத்தின் அடுப்படி தலைகீழாகிவிடும். மனைவி முதியோர் இல்லத்தில் காலை ஏழு மணி ஷிப்டுக்குப் போனால், பிள்ளையை எழுப்பி, பாணில் பட்டர் பூசி, மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி அனுப்புவது கணவர்தான். ஊரில் சோறு வடிக்கவே தெரியாதவர், இங்கே ஞாயிற்றுக்கிழமை நாலு நாளுக்குச் சேர்த்துக் கறி வைத்து, டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் அடுக்குகிறார். இதை யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிப்பதில்லை. வேலை நேரம் தீர்மானிக்கிறது.

அதே வீட்டுத் தொலைக்காட்சியில் அடிக்கடி வேறொரு வீடு வந்து போகிறது. அங்கே அம்மா பரிமாறுகிறார், அப்பா குழந்தையைத் தலைகீழாகப் பிடிக்கிறார், மகன் பந்தடித்துவிட்டுப் பசியோடு வருகிறான், மகள் தயிர்க் கோப்பையோடு இடுப்பளவைப் பற்றிக் கவலைப்படுகிறாள். ஆங்கிலம் பழகவே தொலைக்காட்சி பார்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். நாடகத்தில் பிடிபடாத பேச்சு விளம்பரத்தில் பிடிபட்டுவிடும். வசனம் சின்னது, படம் தெளிவானது, ஒரே நாளில் பத்துத் தடவை வரும். அதனால் 'இந்த நாட்டில் இப்படித்தான் வாழ்கிறார்கள்' என்ற பாடத்தையும் புதிதாய் வந்தவர்கள் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். சமைக்கிற கணவர் வெட்கப்படுவதற்கும், சமைக்காத மனைவி குற்றவுணர்வு கொள்வதற்கும் ஊர்ப் பழக்கம் மட்டும் காரணமல்ல. வந்த நாட்டு விளம்பரமும் அதற்கு எண்ணெய் ஊற்றுகிறது.

வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ கடந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒக்ஸோ என்ற சூப்புக் கட்டிக்கு 1958-இல் தொடங்கிய தொலைக்காட்சி விளம்பரங்களில் கேட்டி என்ற இளம் மனைவி கணவனுக்காகச் சமைப்பாள். ஆண்களைக் கவரும் சுவையைச் சாப்பாட்டுக்குக் கொடுப்பது ஒக்ஸோ என்பதே அதன் வாசகம். அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாம். ஆனால் யோர்க்கி என்ற சொக்கலேட், 2000-களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் 'இது பெண் பிள்ளைகளுக்கு அல்ல' என்று உறையிலேயே அச்சடித்து விற்கப்பட்டது. பெயரில் உள்ள ஆங்கில 'ஓ' எழுத்துக்குள் ஒரு பெண் உருவம், அதன் மேல் குறுக்குக் கோடு. தெருவோரத் தடைப் பலகை போலவே இருக்கும். பகிடி என்று சொல்லித்தான் விற்றார்கள். பள்ளிக்கூட வாசலில் அந்த உறையைப் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பகிடி என்று யார் விளக்குவது?

அதே சொக்கலேட் அலமாரியில் ஃப்ளேக்கும் இருந்தது. அதன் விளம்பரத்தில் ஒரு பெண் தனியாகக் குளியல் தொட்டியில் கிடந்து, தண்ணீர் வழிவதுகூடத் தெரியாமல் சாப்பிடுவாள். இரண்டும் பாலும் சீனியும் கொக்கோவும்தான். ஒன்று தடித்த கட்டி, லொறி ஓட்டுகிறவருக்கு. மற்றது உதிரும் இழை, ஏங்கும் பெண்ணுக்கு. குளிர்பானத்திலும் இதே பிரிவினை நடந்தது. 'டயட்' என்ற சொல் பெண்களுடையது என்று ஆண்கள் ஒதுங்கியதால், 2006-இல் கறுப்பு நிற லேபிளோடு கோக் ஸீரோ பிரித்தானியக் கடைகளுக்கு வந்தது. பத்திரிகைகள் அதற்கு 'ஆம்பிளைக் கோக்' என்றே பட்டம் வைத்தன. டயட் கோக், கோக் ஸீரோ இரண்டிலும் சீனி இல்லை.

ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற இந்த அச்சு வார்ப்பை அடையாளம் காணப் படத்தை விடச் சொற்களைக் கவனிப்பது சுலபம். ஆணுக்கு விற்கும்போது பசி, பலம், நிறைவு, பெரிய துண்டு. பெண்ணுக்கு விற்கும்போது லேசானது, குற்றவுணர்வில்லாதது, உனக்கே உனக்கான ஒரு நிமிடம். பெண்ணுக்கு உணவு ஒரு தவறாகவும், அந்தத் தவறுக்கு மன்னிப்பாகவும் விற்கப்படுகிறது. வளரும் மகளோடு சேர்ந்து விளம்பரம் பார்க்கும்போது இந்த ஒரு விஷயத்தையாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இனி சட்டதிட்டத்துக்கு வருவோம். பிரித்தானியாவில் விளம்பரங்களைக் கண்காணிப்பது ஏஎஸ்ஏ என்ற விளம்பரத் தர ஆணையம். 1962 முதல் இயங்குகிறது. அரசுத் திணைக்களம் அல்ல, விளம்பரத் துறையே பணம் கொடுத்து நடத்தும் தனி அமைப்பு. 2017-இல் பாலின வார்ப்புகள் பற்றி அது ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்போது அதிகம் பேசப்பட்ட உதாரணங்களில் ஒரு குழந்தைப் பால்மா விளம்பரமும் உண்டு. அதைக் குடித்து வளரும் பெண் குழந்தை நடனக்காரியாகவும், ஆண் குழந்தைகள் பொறியியலாளராகவும் மலையேறியாகவும் ஆவார்கள். நம்மவர் வீடுகளில் 'பொறியியலாளர்' என்ற சொல்லுக்கு என்ன நிறை என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த நிறையை மகனின் தோளில் மட்டும் வைத்தது அந்த விளம்பரம்.

அறிக்கையைத் தொடர்ந்து 2019 ஜூன் 14 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. தீங்கு விளைவிக்கக்கூடிய, அல்லது கடுமையாகவோ பரவலாகவோ மனதைப் புண்படுத்தக்கூடிய பாலின வார்ப்புகள் விளம்பரத்தில் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். முதல் தீர்ப்புகள் அதே ஆண்டு ஆகஸ்ட் 14-இல் வெளிவந்தன. அவற்றில் இரண்டு சாப்பாடும் தண்ணீரும் சம்பந்தப்பட்டவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதி எங்கே கோடு கிழிக்கிறது என்பது புரியும்.

ஒன்று பிலடெல்பியா கிரீம் சீஸ். ஓடும் பட்டியில் உணவுத் தட்டுகள் சுற்றிவரும் உணவகம். இரண்டு தகப்பன்மார், கையில் ஆளுக்கொரு கைக்குழந்தை. எதை எடுப்பது என்று தட்டுகளைப் பார்த்து வாயூறிப் பேசிக்கொண்டிருக்கையில், இரு குழந்தைகளும் பட்டியில் ஏறித் தட்டுகளோடு தட்டாகச் சுற்றப் போய்விடுகின்றன. பதறி ஓடிக் குழந்தையைத் தூக்கிய தகப்பன் சொல்வது: அம்மாவிடம் சொல்ல வேண்டாம். 128 முறைப்பாடுகள் போயின. குழந்தை என்றாலே தாய் என்ற பழைய வார்ப்பைத் தவிர்க்கத்தான் தகப்பன்மாரைக் காட்டினோம் என்று நிறுவனம் வாதாடியது. ஆணையம் ஏற்கவில்லை. ஆண்களுக்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது என்ற வார்ப்பையே அது திரும்பச் சொன்னது என்று விளம்பரம் தடை செய்யப்பட்டது.

மற்றது பக்ஸ்டன் தண்ணீர்ப் போத்தல். பாலே ஆடும் ஒரு பெண், மேளம் அடிக்கும் ஓர் ஆண், படகு வலிக்கும் ஓர் ஆண். பெண்ணுக்கு நடனம், ஆணுக்கு உடல்பலம் என்று முறைப்பாடு போனது. ஆணையம் அனுமதித்தது. மூவரும் ஒரே அளவு திறமையோடும் விடாமுயற்சியோடும் காட்டப்பட்டதால், நடனம் இலேசான வேலை என்ற தொனி அதில் இல்லை.

ஆக, பெண் சமைப்பதைக் காட்டினாலே தப்பு என்று விதி சொல்லவில்லை. பெண் கடைக்குப் போகலாம், ஆண் சுவரில் ஆணி அடிக்கலாம். வீடு முழுக்க எல்லோரும் குப்பை போட, கூட்டுவது அம்மாவின் வேலை மட்டுமே என்று காட்டினால் சிக்கல். ஆண் என்பதாலேயே குழந்தைக்கு உடுப்பு மாற்றத் தெரியவில்லை என்றால் சிக்கல். 'பெண்கள் வேலை' செய்யும் ஆணைக் கேலி செய்தால் சிக்கல். நகைச்சுவை என்பது தப்பிக்க வழியாகாது என்றும் வழிகாட்டிக் குறிப்புகள் கூறுகின்றன.

முறைப்பாட்டின் எண்ணிக்கையும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. 2012 கிறிஸ்மஸுக்கு ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் வெளியிட்ட விளம்பரத்தில் மரம் அலங்கரிப்பது முதல் வான்கோழி பொரிப்பது வரை அம்மா ஒருவரே ஓடியோடிச் செய்வார். 600-க்கு மேற்பட்டோர் முறையிட்டும், அன்றைய விதிப்படி அது தப்பியது. 2019-இல் பிலடெல்பியாவோடு அதே நாளில் தடை பெற்ற ஒரு கார் விளம்பரத்துக்கு வந்த முறைப்பாடுகளோ வெறும் மூன்று. 'நான் ஒருத்தி எழுதி என்ன ஆகப்போகிறது' என்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

எழுதுவது எப்படி? ஏஎஸ்ஏ இணையதளத்தில் படிவம் உண்டு, கட்டணமில்லை. தொலைக்காட்சி என்றால் அலைவரிசை, நாள், நேரம், பொருளின் பெயர். சுவரொட்டி என்றால் இடமும் கைப்பேசிப் படமும். இணையத்தில் வந்தது என்றால் கணக்கின் பெயரும் நாளும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்துவிட வேண்டும், நாளைக்குத் தேடினால் கிடைக்காது. விளம்பரம் வந்து மூன்று மாதத்துக்குள் அனுப்புவது நல்லது. பொதுமக்களின் பெயரை விளம்பரதாரருக்குக் கொடுப்பதில்லை. விசா நிலையை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: விளம்பரம் பற்றிய முறைப்பாட்டுக்கும் குடிவரவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பெரும்பாலான கடிதங்கள் பிசகுவது ஒரே இடத்தில்தான். 'இது எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாது', 'எனக்கு அருவருப்பாக இருந்தது' என்று எழுதுகிறார்கள். அது கருத்து. யார் என்ன செய்வதாகக் காட்டப்பட்டார், அவர் ஆண் அல்லது பெண் என்பதாலேயே அப்படி என்று விளம்பரம் எந்த இடத்தில் சொல்கிறது, பார்க்கும் பிள்ளை அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளும் என்ற மூன்றையும் மூன்று எளிய வசனங்களில் எழுதினால் போதும். இலக்கணப் பிழையை யாரும் பார்ப்பதில்லை. முடிவில் திருப்தியில்லை என்றால் 21 நாளுக்குள் தனி மீளாய்வு கேட்கலாம். தீர்ப்புகள் புதன்கிழமைகளில் வெளியாகும். ஆணையத்தால் தண்டப்பணம் விதிக்க முடியாது. விளம்பரத்தை நிறுத்துவதும் விளம்பரதாரரின் பெயரை வெளியிடுவதும்தான் அதன் முக்கிய ஆயுதம்.

பொருளின் உறையும் லேபிளும் பொதுவாக இந்த ஆணையத்தின் எல்லைக்குள் வராது. யோர்க்கி உறை மாதிரி ஒன்றைக் கண்டால் உற்பத்தியாளருக்குத்தான் எழுத வேண்டும். மதுப் போத்தல் என்றால் போர்ட்மன் குழு என்ற அமைப்பு பெயரையும் லேபிளையும் பார்க்கிறது. மது விளம்பரத்துக்குத் தனி விதிகளும் உண்டு. குடித்தால் வீரம் வரும், குடித்தால் பெண் மயங்குவாள் என்ற தொனி கூடாது, குடிப்பவராகக் காட்டப்படுபவர் 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றவும் கூடாது. 2026 ஜனவரி 5 முதல் கொழுப்பு, உப்பு, சீனி கூடிய பல உணவுகளின் விளம்பரத்துக்கு இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியில் இடமில்லை. அது உடல்நலம் பற்றிய வேறு விதி, பாலின முறைப்பாட்டோடு அதைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

இதுவரை சொன்னது அவர்களுடைய விளம்பரம். நம்முடையது? ஓஃப்கொம் என்ற ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பின் உரிமம் பெற்ற தமிழ் அலைவரிசை எந்த மொழியில் பேசினாலும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. பலசரக்குக் கடையின் துண்டுப்பிரசுரமும், கேட்டரிங்காரரின் முகநூல் காணொளியும் அப்படியே. சொந்த இணையப் பக்கங்களும் 2011 மார்ச் முதல் இந்த எல்லைக்குள் வந்துவிட்டன. 'தமிழில்தானே, யாருக்கு விளங்கப்போகிறது' என்பது பிழையான கணக்கு. முறையிடுகிறவரும் தமிழர்தான்.

நமது முப்பது விநாடி மிளகாய்த்தூள் விளம்பரம் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். முதல் ஐந்து விநாடி மருமகள் பட்டுச்சேலையில் சட்டி கிளறுகிறாள். அடுத்த எட்டு விநாடி மாமி அடுப்படி வாசலில் நின்று முகத்தைச் சுளிக்கிறார். தூள் விழுகிறது, சிவப்பு நிறம் பரவுகிறது. மேசையில் கணவரும் மாமாவும் முதல் வாயை வைத்துக் கண்மூடுகிறார்கள். மாமி மருமகளின் தலையைத் தடவுகிறார். மருமகள் கடைசிவரை ஒரு வாயும் சாப்பிடவில்லை. சமைத்தவளுக்கே தட்டு இல்லாத இந்தக் காட்சியைத்தான் நாம் பாசம் என்று இத்தனை காலமாகப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதைத் திருத்த நினைப்பவர்கள் முதலில் செய்யும் பிழை, கணவரை அடுப்படிக்குள் தள்ளி அவர் கையில் சோற்றைக் கரியாக்குவது. அதுதான் பிலடெல்பியா விழுந்த குழி. ஆண் சமைக்கிறார் என்றால் ஒழுங்காகச் சமைக்கட்டும். வெங்காயத்தை வெட்டத் தெரிந்த கையையே நடிக்க எடுங்கள், படப்பிடிப்பில் கத்தி பிடிக்கும் விதத்திலேயே உண்மை தெரிந்துவிடும். 'இன்றைக்கு அப்பா உதவி செய்கிறார்' என்ற வசனத்தை வெட்டுங்கள். உதவி என்றால் வேலை வேறொருவருடையது என்று பொருள். படம் முடிந்ததும் யார் நிற்கிறார், யார் இருக்கிறார், யார் பேசுகிறார், யார் சாப்பிடுகிறார் என்று விநாடி எண்ணிப் பாருங்கள். பிறகு ஆண் பெண் பாத்திரங்களை மாற்றி வசனத்தை உரக்க வாசியுங்கள். சிரிப்பு வரும் இடத்தில்தான் வார்ப்பு ஒளிந்திருக்கிறது.

அச்சு, இணைய விளம்பரங்களுக்கு வெளியிடுமுன் இலவசமாக ஆலோசனை கேட்க, விளம்பர விதிகளை எழுதும் குழுவிலேயே ஒரு சேவை உண்டு, பெரும்பாலும் ஒரு வேலைநாளுக்குள் பதில் வரும். தொலைக்காட்சிக்கான கதைவடிவத்தைப் பொதுவாக க்ளியர்காஸ்ட் என்ற நிறுவனம் முன்கூட்டியே பார்க்கிறது. தமிழ் வசனம் என்றால் வரிக்கு வரி ஆங்கிலப் பொருளை இணைத்துக் கொடுங்கள், கேலியாக வரும் சொல்லின் கேலியையும் எழுதிக் கொடுங்கள். 'பொம்பிளை மாதிரிக் கிளறாதே' என்பதை வெறுமனே 'மெதுவாகக் கிளறு' என்று மொழிபெயர்த்து அனுப்பினால், அனுமதி கிடைத்தபிறகும் முறைப்பாடு வரும்.

மிளகாய்த்தூள் விளம்பரத்துக்கே திரும்பினால், அதைக் காப்பாற்ற முழுக்கதையையும் மாற்றத் தேவையில்லை. பட்டுச்சேலைக்குப் பதில் வேலைச் சீருடை. மாமி வெங்காயம் உரிக்கிறார், கணவர் சட்டியில் நிற்கிறார், மருமகள் ஷிப்ட் முடிந்து கதவைத் திறக்கும்போது வாசம் வருகிறது. முதல் வாய் அவளுடையது. முப்பது விநாடிக்குள் அடங்கும்.