வெண்கட்டித் தூளும் விசிலும்

நம் பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர்களுக்கு மாஸ்டரின் வெண்கட்டி டப்பா நினைவிருக்கும். எழுதித் தேய்ந்த துண்டுகளைப் பொடியாக்கி அதில் சேர்த்து வைத்திருப்பார். பிளாக் பயிற்சி, அதாவது கூடைக்கு எறியும் பந்தைத் தட்டித் தடுக்கும் பயிற்சி, என்றால் தடுப்பவன் அந்தத் தூளில் உள்ளங்கையைத் தோய்த்துக்கொள்ள வேண்டும். எறிபவன் எழும்புவான், தடுப்பவன் பாய்வான், 'டப்' என்று ஒரு சத்தம். உடனே நாங்கள் இரு கட்சியாகப் பிரிந்து கத்துவோம். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் எறிபவனின் கையைத் திருப்பிப் பார்ப்பார். வெள்ளை பந்திலும் விரல்களிலும் மட்டும் இருந்தால் ஆட்டம் தொடரும். மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கம் கோடு இழுத்திருந்தால் ஃபவுல்.

பந்தைத் தொட்டிருக்கும் கை பந்தின் ஒரு பகுதியே என்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் விதிநூல் சொல்வதை நான் வாசித்தது நெடுங்காலம் கழித்துத்தான். பந்தின் மேலிருக்கும் கையில் அடி விழுந்தால், எவ்வளவு சத்தம் கேட்டாலும் குற்றமில்லை. பார்வையாளர்கள் காதால் தீர்ப்புச் சொல்கிறவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அதே காதை நம்பி விசில் ஊதும் நடுவர்களைக் கண்டால்தான், வார இறுதிகளில் நானும் அந்தச் சட்டையைப் போடுகிறவன் என்பதால், எரிச்சல் வருகிறது.

தூளில் பிடிபடாத வழக்குகள்தான் கடினம். மேலே கை சுத்தமாகப் பந்தைத் தட்டியிருக்கும். கீழே இடுப்பு எறிபவனை இடித்துத் தள்ளியிருக்கும். "பந்தைத்தானே தொட்டேன்!" என்று தடுத்தவன் கைகளை விரித்துக்கொண்டு வருவான். தொட்டாய் தம்பி, ஆனால் அவனையும் சாய்த்துவிட்டாயே. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி ஒவ்வொருவருக்கும் தன்னைச் சுற்றித் தனக்கே உரிய இடமாக ஒரு கற்பனை உருளை உண்டு. முறையாக இடம்பிடித்து நின்றவன், கைகளை உயர்த்தி நேர் மேலே எழும்பினால், எறிபவனே வந்து மோதினாலும் அவன்மீது குற்றமில்லை. முன்னோக்கிப் பாய்ந்து மோதினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இதை விசில் பிடிப்பவன் காண வேண்டுமானால் பந்திலிருந்து கண்ணைப் பிடுங்க வேண்டும். "பந்தைப் பார்க்க ஊரே இருக்கிறது. நீ தடுப்பவனைப் பார்" என்பார் மாஸ்டர். நிற்கும் இடமும் முக்கியம். கூடைக்கடியில் ஒட்டி நின்றால் முதுகுகள்தான் தெரியும்; சற்று விலகி, இருவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும் கோணத்தைப் பிடிக்க வேண்டும்.

பந்து தட்டுப்பட்டுப் போன பிறகு விரல் தோளில் உரசினால்? எறிதலையோ எறிந்தவனின் சமநிலையையோ அது கெடுக்கவில்லை என்றால் விட்டுவிடுவேன். எழும்பியவனுக்கு, எழும்பிய இடத்திலேயே இறங்கும் உரிமை உண்டு. ஆகவே அவன் பாதம் தரையில் படும்வரை விசில் என் வாயில் சும்மா இருக்கும். தாமதம் என்று பயிற்றுநர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

நம் அணியின் நெட்டைக்காரர் ஒருவர், இன்று பேரப்பிள்ளைகள் கண்டவர், ஓர் இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் தாம் போட்ட பிளாக் சுத்தமானது என்று ஒவ்வொரு பழைய மாணவர் சங்கக் கூடலிலும் வாதாடுகிறார். மாற்று ஆட்டக்காரர் பெஞ்சின் ஓரத்திலிருந்து எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. கை சுத்தம், அண்ணே. இடுப்பு சுத்தமில்லை. இரண்டு ஃப்ரீ த்ரோ.