குழாய் எங்கே ஒழுகுகிறது?

குழாய் சொட்டத் தொடங்கினால் வீட்டில் உடனே நடப்பது இரண்டில் ஒன்று. கீழே வாளி வைப்பார்கள். இல்லையென்றால் நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் பலமாகத் திருகி மூடுவார்கள். வாளியால் ஒரு கெடுதலும் இல்லை. அழுத்தித் திருகுவதுதான் வாஷரோடு போக வேண்டிய செலவைப் புதுக் குழாய் வரைக்கும் இழுத்துப் போகிறது.

சொட்டுதானே என்று நினைப்பவர்கள் ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாய்க்கு அடியில் வைத்து மணி பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 24 லிட்டர், மாதத்துக்கு 720 லிட்டர். ஆயிரம் லிட்டர் மேல்தொட்டியில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு.

பழுது எந்தப் பாகத்தில் என்பதை ஒழுகும் இடமே சொல்லிவிடும். குழாயை உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு துண்டைக் கைப்பிடிக்கு அடியிலும் இன்னொன்றைச் சுவரை ஒட்டியும் சுற்றி வையுங்கள். பத்து நிமிடத்தில் எது முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு. இரண்டுமே நனையாமல் வாய் வழியாக மட்டும் சொட்டினால் உள்ளே இருக்கும் வாஷரோ, செராமிக் தட்டோ போய்விட்டது. (ஷவர் மூடிய பிறகு சில நிமிடம் சொட்டுவது பழுதில்லை. மேலே தங்கிய தண்ணீர் வடிகிறது, அவ்வளவுதான்.)

கழற்றுவதற்கு முன் தண்ணீரை நிறுத்த வேண்டும். வாஷ்பேசினுக்கு அடியில் ஆங்கிள் காக் (சுவரிலிருந்து வரும் தண்ணீரை மூடும் சின்ன வால்வு) இருந்தால் அதை மூடினால் போதும். மற்றவற்றுக்கு மாடித் தொட்டியின் கேட் வால்வுதான். வருஷக்கணக்கில் யாரும் தொடாத கேட் வால்வு உப்புப் பிடித்து இறுகியிருக்கும். ஸ்பேனர் போட்டு மல்லுக்கட்டினால் தண்டு முறிந்துவிடும். இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் தொட்டிக்குள் வெளியேறும் துளையைத் துணிப் பந்தால் அடைக்கலாம். பந்தில் கயிறு கட்டி நுனியைத் தொட்டிக்கு வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் அது பைப்புக்குள் போய்விடும். பிறகு மோட்டாரையும் கீசரையும் அணைத்துவிட்டு, வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்து பைப்பைக் காலி செய்யுங்கள். சாக்கடைத் துளையை ஒரு துணியால் மூடிவிடுங்கள். கைப்பிடித் திருகு அதற்குள் விழுவதற்கென்றே காத்திருக்கும்.

கைப்பிடியின் மேல் மூடியை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உள்ளே ஸ்டார் திருகு தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை மேலே இழுத்தால் ஆறு பட்டை கொண்ட பித்தளைத் தலை. குழாயைப் பாதி திறந்த நிலையில் வைத்துக்கொண்டு இதை இடப்பக்கமாகத் திருகுங்கள். இன்னொரு கையால் குழாயின் உடம்பை அசையாமல் பிடிப்பது முக்கியம். பிடிக்காவிட்டால் ஸ்பேனரின் விசை முழுவதும் சுவருக்குள் இருக்கும் எல்போவுக்கு, அதாவது பைப்பின் வளைவு இணைப்புக்கு, போகும். அது பிளாஸ்டிக் எல்போவாக இருந்தால் விரிசல் விழும், அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

பல சுற்றுத் திருகித் திறக்கும் பழைய வகைக் குழாயில் தண்டின் அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். கெட்டதைக் கையில் எடுத்தாலே தெரியும்: நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், ஓரம் பிய்ந்திருக்கும், விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். அதே அளவில் புது வாஷர் போடுங்கள். கடை மூடியிருந்தால் பழையதைத் திருப்பிப் போட்டு ஒன்றிரண்டு நாள் ஓட்டலாம். மூடுவதற்கு முன் டார்ச் அடித்து, வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பைப் பாருங்கள். சுண்டு விரலால் தடவும்போது பல் மாதிரி ஏதாவது இடறினால், எத்தனை வாஷர் மாற்றினாலும் சீக்கிரமே மறுபடி சொட்டும். விளிம்பை இழைக்க ஒரு கருவி உண்டு, ஆனால் தேய்ந்த சாதாரணக் குழாய்க்கு அந்தப் பாடு தேவையில்லை என்பேன். குழாயையே மாற்றிவிடலாம்.

கால் சுற்றில் திறக்கும் குழாயில் வாஷர் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு செராமிக் தட்டுகள் உரசி நிற்கும். இதை எவ்வளவு அழுத்தினாலும் தட்டு இன்னும் நெருங்காது, கைப்பிடியை நிறுத்தும் தடுப்புதான் உடையும். தட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மணல். தொட்டி கழுவிய அன்று அடியில் கிடந்த வண்டல் பைப்பில் இறங்கித் தட்டுகளுக்கு நடுவே மாட்டிக் கோடு இழுக்கும். கோடு விழுந்த தட்டை ஒன்றும் செய்ய முடியாது, தண்டும் தட்டும் சேர்ந்த ஸ்பிண்டிலை மொத்தமாக மாற்ற வேண்டும். போர் தண்ணீர் உப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்திருந்தால் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்துப் பாருங்கள், பிழைத்துக்கொள்ளும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டாம், குரோமையும் பித்தளையையும் அரித்துவிடும்.

கடைக்குப் போகும்போது பழைய ஸ்பிண்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். ‘அரை இஞ்ச்’ என்று மட்டும் சொன்னால் போதாது. தண்டின் உயரம், கைப்பிடி மாட்டும் பல்லின் எண்ணிக்கை, அது திரும்பும் திசை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வெந்நீர்க் குழாயில் எதிர்த் திசையில் திறக்கும் ஸ்பிண்டில் இருக்கக்கூடும். தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் வாசலினும் சில வகை ரப்பரை உப்ப வைக்கும்.

கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் வேலை இன்னும் சின்னது. பழைய வகையில் தண்டைச் சுற்றி இருக்கும் நட்டை அரைக்கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். கைப்பிடி கடினமாகிவிட்டால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அப்படியும் நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி, டெஃப்லான் டேப்பை நூல் மாதிரி முறுக்கித் தண்டைச் சுற்றி வைத்து மூடலாம். புது வகையில் ஓ ரிங்கை மாற்ற வேண்டும்.

சுவரோரக் கசிவில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். குழாயைக் கழற்றி, மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப், சணல் எல்லாவற்றையும் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். மரையின் நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். கடையில் கிடைக்கும் மெல்லிய டேப்புக்கு 10 முதல் 15 சுற்று வேண்டும். முதல் மரையை மட்டும் விட்டுவிடுங்கள், துண்டு உதிர்ந்து தண்ணீரோடு போகாது. கையால் போகும்வரை திருகி, அதற்கு மேல் ஸ்பேனரால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை.

குழாய் நேராகக் கீழே பார்க்க வேண்டுமே என்று கொஞ்சம் தாண்டிப் போனதைப் பின்னால் திருப்புகிறார்களே, அங்கேதான் மறுபடி ஒழுகும். பின்னால் திருப்பிய டேப் அடைக்காது. கழற்றி இரண்டு சுற்று கூட்டியோ குறைத்தோ புதிதாகத்தான் சுற்ற வேண்டும். சி.பி.வி.சி. எனும் பிளாஸ்டிக் பைப்பாக இருந்தால் சுவருக்குள் பித்தளை மரை வைத்த எல்போதான் இருக்க வேண்டும். முழு பிளாஸ்டிக் மரையில் பித்தளைக் குழாயை இறுக்கினால் என்றைக்காவது பிளக்கும். சணலும் பெயின்டும் பிளாஸ்டிக் பைப்பின் பக்கமே போகக் கூடாது.

டேப் மாற்றியும் சுவர் ஈரமாக இருந்தால், குழாயை எடுத்துவிட்டு அதே இடத்தில் எண்ட் பிளக் (பைப்பின் வாயை அடைக்கும் மரை மூடி) போட்டு இரண்டு நாள் பாருங்கள். ஈரம் காயாவிட்டால் கோளாறு குழாயில் இல்லை, சுவருக்குள். அதற்கு மேல் பிளம்பர் வேலை.

எல்லாம் மாட்டியதும் வால்வைச் சட்டென்று முழுவதும் திறக்காதீர்கள். குழாயின் வாயில் இருக்கும் வலை வடிகட்டியைக் கழற்றி, குழாயைத் திறந்தபடி வைத்து, வால்வை மெதுவாகத் திறந்து அரை நிமிடம் ஓட விடுங்கள். உள்ளே சேர்ந்த மணலும் டேப் துணுக்கும் வெளியேறிவிடும். தொட்டி கழுவிய அன்றும் இதையேதான் செய்ய வேண்டும்.

எல்லாக் குழாயும் காய்ந்திருக்க, மேல்தொட்டி மட்டும் இரவில் இறங்கினால் ஃப்ளஷ் டேங்கைச் சந்தேகப்படுங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் கொஞ்சம் விட்டு, இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் அடியிலுள்ள ரப்பர் வளையத்தில் உப்பு படிந்திருக்கிறது அல்லது அது தேய்ந்துவிட்டது. எடுத்துத் துடைத்துப் போட்டும் இறங்கினால் வளையத்தை மாற்றுங்கள். தண்ணீர் நடுக்குழாயின் விளிம்பு வழியாக வழிந்தால் வளையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. விளிம்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழேயே தண்ணீர் நிற்கும்படி மிதவையை இறக்கிவிட வேண்டும்.