தம்பிலுவில் அம்மாளின் குளுத்தி

அம்மா வைத்த நேர்த்தி அது. போன வருசம் என் மூத்தவனுக்கு அம்மாள் போட்டு, உடம்பெல்லாம் கொப்புளமாய், காய்ச்சல் இறங்காமல் கிடந்தான். "சுகமானா மடிப்பிச்சை எடுத்துக்கொண்டு வைகாசிச் சடங்குக்கு வாறம் தாயே" என்று அம்மா தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிற திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டார். பிள்ளை எழும்பிவிட்டான். அம்மாவுக்குத்தான் இப்போது முழங்கால் விடவில்லை. தாய் நேர்ந்தால் மகள் தீர்க்கத்தானே வேண்டும்.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் தெருவில் வீடு வீடாய் மடியேந்தினேன். அரிசி போட்டார்கள், சில்லறை போட்டார்கள், "எங்களுக்காகவும் கும்பிட்டுட்டு வா புள்ள" என்றார்கள். வெட்கமெல்லாம் முதல் இரண்டு படலையோடு போய்விட்டது.

கல்முனையில் ஒரு பஸ், அக்கரைப்பற்றில் இன்னொன்று. வழி நெடுகத் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர். வைகாசி என்பதால் ஆரையம்பதி, செட்டிபாளையம், காரைதீவு என்று கடற்கரை ஊர்களில் கண்ணகை அம்மன் காவியம் ஒலிபெருக்கியில் வந்துகொண்டே இருந்தது. பஸ் நெரிசலில் மடியரிசியைச் சிந்தாமல் கொண்டுபோனதே ஒரு தவம். அக்கரைப்பற்றில் இறங்கிப் பார்த்தால் அங்கால போகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஓட்டோக்காரர் ஒருவர் இரண்டு மடங்கு கேட்டார். "சடங்கு நாள் அப்படித்தான் அக்கா." நானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். "கோயிலுக்குப் போகக்குள்ள ஏசாதங்கம்மா" என்று மகன் கையைப் பிடித்து இழுத்தான்.

கோயிலடியில் கச்சான் கடைகளும் அல்வாக் கடைகளும் தாண்டி உள்ளே போவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "காசு தந்தா முன்னுக்குக் கொண்டுபோய் விடுறன்" என்று காதுக்குள் ஒருத்தர். அம்மாளுக்கு முன்னால் நிற்கவும் தரகரா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முன்வரிசையில் நின்றவர்களோ கைகூப்பவில்லை. எல்லாக் கையிலும் ஃபோன். அவர்களுடைய திரையில்தான் நான் முதலில் அம்மாளைப் பார்த்தேன்.

ஆனால் நான் நின்ற இடம் அம்மாள் பார்த்துத் தந்த இடம். நெரிசல் தள்ளிய தள்ளில் பாட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில், தூணோடு ஒட்டிக்கொண்டேன். உடுக்கு அடிக்கிற பெரியவர் அம்மாவின் குடி, தாய்வழிச் சொந்தம், எனக்கு மாமா முறை. கடற்காற்று ஈரம் பட்டால் தோல் தொய்ந்துவிடும் என்று, பாட்டு மாறுகிற இடைவெளியில் கர்ப்பூரச் சட்டிக்கு மேலே உடுக்கைப் பிடித்துச் சூடு காட்டினார். பிறகு இடைக்கயிற்றை இறுக்கி, விரலால் ஒரு தட்டு. காதுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒரு தலையாட்டல். கயிறு பட்டுப் பட்டு அவருடைய உள்ளங்கை காய்ப்பேறிக் கறுத்துக் கிடந்தது.

பாடுகிறவர்கள் யாரும் பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்களில்லை. ஒருவர் மேசன், ஒருவர் வாத்தியார், இருவர் கரைவலைக்காரர். கத்தாரிலிருந்து லீவு போட்டு வந்த பொடியன் ஒருவனும் இருந்தான். நடுவில் வைத்திருந்த கொப்பியில் வழக்குரை, கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்ட கதைப்பாட்டு. மழை பொய்த்தால் மழைக்காவியம் பாடுவதும் இவர்கள்தான். மார்கழித் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலம் என்கிற வெண்கலத் தட்டுமாய் விடியுமுன் தெருத்தெருவாகப் போய்ச் சேர்க்கிற அரிசி, உழைக்க ஆளில்லாத வீடுகளுக்குப் போகும். 2024 நவம்பர் வெள்ளத்தில் வயலும் வீடும் தண்ணீருக்குள் கிடந்தபோது, பாட்டுக்குச் சேர்ந்திருந்த காசைத்தான் முதலில் எடுத்துப் பாணும் பருப்பும் வாங்கினோம் என்றார் மாமா. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த வைகாசியில் மட்டும் தொண்டை அடைத்துப் பாட முடியாமல் போனதாம். "அண்டைக்குச் சனமெல்லாம் சேந்து பாடிச்சு. எங்களால ஏலாமப் போன ஒரே நாள் அதான்."

இவர்களில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. வயல் வரம்புத் தகராறு. கோட்டுக்குப் போய் இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதில்லை என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வழக்கோடு நிற்கிறவர்கள் உட்கார்ந்து வழக்குரை பாடுவதை அம்மாள் சிரித்துக்கொண்டுதான் கேட்டிருப்பாள். ஆனால் பாட்டில் அவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்து இடம். ஒருவர் அடியை விடுகிற இடத்தில் மற்றவர் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் காவியம் அறுந்துபோகும். அம்மாளுக்குப் பாடுகிறது அறக்கூடாது.

விடியப்புறம் அந்த இருவரில் மூத்தவருக்குக் குரல் உடைந்தது. அடியின் நடுவில் வெறும் காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதே சுதியில், அதே சொல்லில் பிடித்தார். அவர் மூச்செடுக்கிற இடத்தில்கூடச் சனத்துக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. பாடிக்கொண்டே, இடது கையால் மல்லித்தண்ணி ஃபிளாஸ்கை மெல்ல அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். மற்றவர் எடுத்துக் குடித்தார். நன்றியும் இல்லை, பார்வையும் இல்லை. இரண்டு அடி கழித்து அவர் குரல் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. நான் அழுதுவிட்டேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது. குளுத்தி தொடங்கியது. மதுரையை எரித்துவிட்டு வந்தவளைக் குளிர்ந்தருளச் சொல்லிப் பாடப் பாட, உடுக்கு மெல்ல மெல்ல அடங்கியது. குரவை எழும்பியது. எனக்கு முன்னால் நின்ற ஃபோன்கள் எப்போது இறங்கின என்று தெரியவில்லை. வேப்பிலைக் கொத்திலிருந்து தெறித்த தண்ணி என் மகனின் நெற்றியில், அந்தக் கொப்புளத் தழும்பின் மேலேயே விழுந்தது. தாயே! இவன் காய்ச்சலில் பிதற்றிய இரவுகளில் வேப்பிலையால் தடவித் தடவி உன்னைத்தானே கூப்பிட்டேன். கேட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். கேட்க வேண்டுமென்று கொண்டுபோனவை ஒன்றும் ஞாபகத்தில் வரவில்லை. தெருவில் அரிசி போட்டவர்களின் முகங்கள் மட்டும் ஒவ்வொன்றாய் வந்தன. அவர்களுக்காகக் கும்பிட்டேன். என் வாயிலிருந்து அம்மாளே என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

மடியரிசியில் பொங்கினது போக மிச்சத்தையும் சில்லறையையும் மாமாவிடம் நீட்டினேன். அரிசியை அவர்களுடைய சாக்கில் கொட்டிக்கொண்டார். காசு என்னிடமே திரும்பி வந்தது. "பஸ்ஸுக்கு வெச்சுக்க மகள். மார்கழியில தெருப்பாட்டுக்குப் பொடியனையும் கூட்டிக்கொண்டு வா, சேமக்கலம் அடிக்க ஆள் வேணும்." மகன் அப்போதே தலையாட்டிவிட்டான்.

அக்கரைப்பற்றில் பஸ் ஏறி உட்காரத்தான் அம்மாவின் ஃபோன். பொங்கல் பொங்கினதையோ பேரன் நின்ற நிலையையோ கேட்கவில்லை.

"உடுக்கு ஆரு அடிச்ச?"

"மாமாதான்."

"அவங்க ரெண்டு பேரும் இப்ப கதைக்கிறாங்களா?"

"பாடக்குள்ள மட்டும்."

"ம். குளுத்தித் தண்ணிப் போத்தலைச் சரிச்சுப் போடாத, நேரா வெச்சுக்கொண்டு வா."