கர்ப்பகால சர்க்கரையும் டீயில் போட்ட இனிப்பு மாத்திரையும்

இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது எனக்குக் கர்ப்பகால சர்க்கரை வந்தது. ஏழாம் மாதத் தொடக்கத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை என்று கணக்கு, எனக்கு 158. வெறும் வயிற்றோடு வரவேண்டிய அவசியமில்லாத இந்தப் பரிசோதனை நம் நாட்டில் பரவ முக்கியக் காரணம் சென்னை டாக்டர் வி. சேஷையா.

சோற்றைக் குறைத்து, சுண்டலும் கீரையும் கூட்டிக்கொள்வது பழகிவிட்டது. டீதான் இறங்கவில்லை. வீட்டில் மாமனாருக்கு வாங்கிய இனிப்பு மாத்திரை டப்பா இருந்தது. அதைப் போடலாமா என்று கேட்டதும் அம்மா, "கெமிக்கல்டி, தொடவே தொடாதே" என்றார். மாமியார், "கருப்பட்டி போட்டுக்கோம்மா, அது ஒண்ணும் பண்ணாது" என்றார். இருவருக்கும் என் மேல் அக்கறைதான். ஆனாலும் டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்று டப்பாவைக் கையோடு எடுத்துப் போனேன்.

அவர் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த 951 என்ற எண்ணைக் காட்டினார். அது அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பின் குறியீடு. 955 என்றால் சுக்ரலோஸ், 954 என்றால் சாக்கரின். அஸ்பார்டேம் குடலிலேயே உடைந்து, பாலிலும் பருப்பிலும் இருக்கும் அதே அமினோ அமிலங்களாகவும் கொஞ்சம் மெத்தனாலாகவும் மாறிவிடுகிறது. சுக்ரலோஸ் பெரும்பாலும் உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். சாக்கரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும், அங்கிருந்து மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் அது மட்டும் வேண்டாம் என்றார். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அஸ்பார்டேம் ஆகவே ஆகாது. எனக்கு அது இல்லை.

2023 ஜூலையில் அஸ்பார்டேம் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று செய்தி வந்ததே, அதையும் கேட்டேன். சான்று குறைவு என்பதால்தான் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதை 'சாத்தியம் உண்டு' என்ற வகையில் வைத்ததாம். அதே நேரத்தில் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை மாற்றவில்லை. 60 கிலோ எடைக்கு 2,400 மில்லிகிராம். ஒரு டின் டயட் கோலாவிலேயே சுமார் 200தான் இருக்கும் என்றதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

அதற்காக டயட் பானம் குடிக்கவில்லை. சுமார் 59,000 டென்மார்க் கர்ப்பிணிகளை வைத்து 2010-இல் வந்த ஓர் ஆய்வில், தினமும் அதைக் குடித்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் சற்று அதிகம். பானம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் கோலா இல்லாமல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, எதற்கு வம்பு? டீக்கு மட்டும் ஒரு மாத்திரை, அதுவும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. கொதிக்கவிட்டால் இனிப்பு போய்விடும்.

கருப்பட்டிக்கு வருகிறேன். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும் என்பது எனக்குச் சொன்ன இலக்கு. ஒரு நாள் இரண்டு இட்லி, சாம்பாரோடு கருப்பட்டிக் காபி குடித்துவிட்டு, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே விரலில் குத்திப் பார்த்தேன். 152. அதே இரண்டு இட்லி, சாம்பாரோடு மாத்திரை போட்ட டீ குடித்த நாளில் 114. "அடியாத்தி, இதுவும் சர்க்கரைதானா" என்றவர், அன்றே கருப்பட்டி டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டார். தேன், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழம் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். இயற்கையானது என்ற பேச்சை மீட்டர் கேட்காது.

வளைகாப்புக்குச் சொந்தக்காரர் ஒருவர் ஆசையாக 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் வாங்கி வந்தார். பின்பக்கம் பார்த்தால் முதல் பொருளே மைதா, அடுத்து மால்டிடால் என்ற இனிப்புப் பொருள். மைதா சர்க்கரையை ஏற்றும், மால்டிடாலும் ஓரளவு ஏற்றும். அவர் மனம் நோகாமல் ஒன்று எடுத்துக்கொண்டு, மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் பெரியவர்களுக்குக் கொடுத்தேன்.

இன்சுலின் இல்லாமலே பிரசவம் வரை வந்துவிட்டேன். குழந்தை பிறந்ததும் குதிகாலில் குத்தி அவனுக்கும் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி அதே 75 கிராம் குளுக்கோஸ், இம்முறை இயல்பு. பின்னாளில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம் என்பதால் வருஷா வருஷம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்துவருகிறேன்.