மண்டபம் நாட்குறிப்பு: சாயம் கிடைக்கும், படலம்தான் படுத்துகிறது

ஜூன் 16, திங்கள்

ஆக்சிஜன் எங்கே எவ்வளவு என்று ஒளிர்ந்து காட்டும் ஒரு படலம் செய்துகொண்டிருக்கிறேன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் காற்றில் எதைக் காய வைப்பதும் பெரும்பாடு. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையும் சாயத்தையும் குளோரோஃபார்மில் கரைத்து, பழைய ஓ.எச்.பி. ஷீட் (புரொஜெக்டரில் வைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) மேல் ஊற்றி, கத்தியால் மெல்லிசாக இழுத்துவிடுகிறேன். கரைப்பான் மளமளவென்று ஆவியாகும்போது படலம் சில்லிட்டுப் போகிறது. அந்தக் குளிர்ச்சிக்கு, காற்றிலிருக்கும் ஈரம் பொடிப்பொடியாக அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காய்ந்த பிறகு பார்த்தால் தெளிவாக இருக்க வேண்டிய படலம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது.

மதியம் சிலிக்கா ஜெல் போட்ட ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து, மூடியை லேசாகத் திறந்து மெதுவாகக் காயவிட்டேன். இந்தத் தடவை மறுபக்கத்து எழுத்தைப் படிக்க முடிகிறது. நான் படித்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. எழுதினவர்கள் ஊரில் கச்சான் காற்று அடிப்பதில்லை போலும்.

ஜூன் 18, புதன்

அது என்ன சாயம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பிளாட்டினம் போர்ஃபிரின். நம் ரத்தத்தில் இரும்பை நடுவில் வைத்துக்கொண்டிருக்கிறதே, அதே வளையம்தான். இரும்புக்குப் பதில் பிளாட்டினம், ஓரங்களில் ஃபுளோரின் அணுக்கள். ஃபுளோரின் இருப்பதால் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்காது. நீல விளக்கைக் காட்டினால் 650 நானோமீட்டர் பக்கம் சிவப்பாக ஒளிரும். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அந்த ஒளிர்வு மங்கும்.

ஏன் மங்குகிறது? வெளிச்சத்தை வாங்கிய சாய மூலக்கூறு, அந்த ஆற்றலைச் சிவப்பாகத் திருப்பித் தரக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால் ஆற்றலைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய்விடும். மணலில் காயப்போட்ட கருவாடு மாதிரிதான்: எவ்வளவு நேரம் வெளியே கிடக்கிறதோ, அவ்வளவுக்குக் காக்கைக்கு வாய்ப்பு. ருத்தேனியம் சாயங்களில் இந்த நேரம் சில மைக்ரோ நொடி, பிளாட்டினத்தில் பத்துக்கணக்கான மைக்ரோ நொடி, பலேடியத்தில் ஒரு மில்லி நொடியை ஒட்டி. அதனால் துளியூண்டு ஆக்சிஜனைப் பிடிக்கப் பலேடியம், காற்றளவு ஆக்சிஜனுக்கு மற்ற இரண்டும்.

மங்குவதற்கான கணக்கை ஸ்டெர்ன், ஃபோல்மர் என்ற இரு ஜெர்மன் விஞ்ஞானிகள் 1919இலேயே எழுதிவிட்டார்கள். சாயத்தை சிலிக்கா ஜெல்லில் ஏற்றி, ஆக்சிஜன் பட்டால் ஒளிர்வு அணைவதை 1930களில் காட்டியவர் காவ்ட்ஸ்கி என்ற வேதியியலாளர். ஆக, சாயத்தின் சங்கதி பழசு. அதை எதற்குள் வைக்கிறோம் என்பதில்தான் இன்றைக்கும் வேலை இருக்கிறது. சிலிக்கோனுக்குள் வைத்தால் ஆக்சிஜன் தாராளமாகப் புகுந்து சாயத்தை அளவுக்கு மேல் அணைத்துவிடும், பல சாயங்கள் அதில் சரியாகக் கரைவதும் இல்லை. பாலிஅக்ரைலோநைட்ரைல் என்ற பிளாஸ்டிக்குக்குள் ஆக்சிஜன் நுழையவே திணறும். பாலிஸ்டைரீன் நடுவாந்திரம். அதனால்தான் என் மேசை முழுக்க அது.

ஜூன் 21, சனி

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். இளவயதிலிருந்து கடல்பாசி எடுக்கப் போனவர். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை எல்லாம் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பிடுங்கியது. பாறை கிழித்த காலில் புண். சர்க்கரை வேறு. மாதக்கணக்கில் ஆறவில்லை.

“உன் சிவப்பு விளக்க இதுல அடிச்சுப் பாரேன் தாயி. ஆறுமா ஆறாதான்னு சொல்லுமா?”

“இப்ப இருக்கிறது சொல்லாது பெரியம்மா.”

“விரல்ல கிளிப்பு மாட்டினாங்க, 98ன்னு காட்டுச்சே. ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்காம்.”

கொரோனாவுக்குப் பிறகு எல்லோருக்கும் அந்த கிளிப் தெரியும். அது காட்டுவது, ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்பதை மட்டும். அந்த ரத்தம் பாதத்தின் ஓரம் வரைக்கும் போய்ச் சேர்கிறதா, சதைக்குக் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி. விரலில் 98 காட்டும்போதே கால் பட்டினி கிடக்கலாம். அதற்குத் தோலின் மேல் மின்முனை ஒட்டி, அந்த இடத்தை 43, 44 டிகிரிக்குச் சூடாக்கி அளக்கிறார்கள். ஆக்சிஜனின் அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே வந்தால் புண் ஆறுவது கடினம் என்பது மருத்துவர்களின் பொதுவான கணக்கு. ஆனால் அது ஒட்டிய ஒரு புள்ளியை மட்டும் சொல்லும், அதுவும் நல்ல தோலில். புண்ணின் எந்த ஓரம் மூச்சுவிடுகிறது, எந்த ஓரம் திணறுகிறது என்று படமாகக் காட்டாது.

பாதத்துக்கு ரத்தம் போகிறதா என்று டாப்ளர் பார்க்கச் சொல்லி, அக்காவிடம் சீட்டில் எழுதிக் கொடுத்து வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ராத்திரி முழுக்கத் தொட்டிப் பக்கத்தில். பாதிப் பக்கம் கொசு தின்றது, மீதியை எழுதிவிடுகிறேன்.

கரைவலையில் வேரோடு வந்த கடல்தாழையை (கடலடியில் வளரும் புல்), வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாவின் மணல் நிரப்பிய ஒடுக்கமான கண்ணாடித் தொட்டியில் நட்டிருக்கிறோம். படலத்தை உட்பக்கச் சுவரில் ஒட்டி, வேர் அதன்மேல் படிகிற மாதிரி மணலை அணைத்தாயிற்று. நீல எல்.இ.டி., ஆரஞ்சு வடிகட்டி, சாதாரண கேமரா. படலத்தில் ஆக்சிஜனைக் கண்டுகொள்ளாத ஒரு பச்சைச் சாயமும் கலந்திருக்கிறது. சிவப்பைப் பச்சையால் வகுத்தால், விளக்கு ஒரு மூலையில் மங்கலாக விழுவதெல்லாம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஆக்சிஜனைத் தின்றுவிடும் சோடியம் சல்ஃபைட் போட்ட தண்ணீர் பூஜ்யம், காற்று விட்ட தண்ணீர் முழு அளவு. 30 டிகிரிக் கடல்நீரில் முழு அளவு என்றாலே லிட்டருக்கு 6 மில்லிகிராம் சுமார்தான். அளவுதிருத்தம் தொட்டியின் வெப்பத்திலேயே செய்ய வேண்டும், சூடு ஏறினால் ஒளிர்வு தானாகவே குறையும்.

பகலில் இலைக்கு வெளிச்சம் விழுந்தபோது, வேர்நுனியைச் சுற்றி மெல்லிய கருநிழல். கறுப்பு என்றால் ஆக்சிஜன். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கும் கறுத்த மணலுக்குள், இலை செய்த ஆக்சிஜன் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழாய்கள் வழியே இறங்கி வேர்நுனியில் கசிகிறது. அந்த வாடைக்குக் காரணமான சல்ஃபைடு நஞ்சு செடிக்குள் ஏறாமல் காப்பது அந்த மெல்லிய வளையம்.

விளக்கை அணைத்ததும் வளையம் சுருங்கியது, ஆனால் போகவில்லை. இலை இப்போது தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக் கீழே அனுப்புகிறது. நள்ளிரவு தாண்டி மின்சாரம் போனது. கேமராவும் எல்.இ.டி.யும் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன, காற்றுப் பம்பு நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வளையம் தேய்ந்து, விடியுமுன் படம் முழுக்க ஒரே சிவப்பு. திட்டம் போட்டிருந்தால் இவ்வளவு நன்றாக அமைந்திருக்காது. 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் பூங்கோரை என்ற நுண்ணுயிர் பெருகி வந்து கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியபோது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததைத்தான் எல்லோரும் பேசினோம். மணலுக்கடியில் வேருக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

படலத்தில் உப்புக் கறை. கழுவினேன். வேறொன்றுமில்லை.

ஜூன் 28, சனி

பெரியம்மா கேட்டது மனசை விட்டுப் போகவில்லை. இதே படலத்தைக் காலில் ஏன் ஒட்ட முடியாது?

ஓ.எச்.பி. ஷீட் விறைப்பு, புண்ணின் மேடுபள்ளத்துக்கு வளையாது. இடைவெளி விட்டால் அறைக் காற்றைத்தான் அளக்கும். 2014இல் பாஸ்டனில் ஒரு குழு, தோல்மேல் பூசிக் காயவிடும் பேண்டேஜ் செய்தது: சாயம் கலந்த திரவம் ஒரு பூச்சு, அதன்மேல் வெளிக்காற்றைத் தடுக்க இன்னொரு பூச்சு. அந்த மேல்பூச்சு இல்லாவிட்டால் மொத்தமும் வீண்.

அடுத்தது, ஆற்றலைப் பறித்த ஆக்சிஜன் சும்மா போவதில்லை. கொஞ்ச நேரத்துக்கு மூர்க்கமாகி, தொட்டதைச் சிதைக்கும். புற்றுநோய்ச் செல்களைக் கொல்ல ஒளிச்சிகிச்சையில் வேண்டுமென்றே பயன்படுத்துவது இதைத்தான். ஆறவேண்டிய புண்ணில் சாயம் கசிந்து செல்லைத் தொட்டால் உபகாரம் உபத்திரவமாகிவிடும். சாயம் படலத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்க வேண்டும்.

சதைக்குள்ளே ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் நீலமும் பச்சையும் உதவாது, ரத்தம் விழுங்கிவிடும். பென்சோபோர்ஃபிரின் வகை வேண்டும்: 615 நானோமீட்டர் பக்கம் வாங்கி 770 பக்கம் ஒளிரும். விலையைப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

பிளாட்டினம் சாயத்தையே எதில் கலந்து பூசினால் வளையும், கசியாது என்பதை முதலில் பார்க்கலாம். எத்தில் செல்லுலோஸ் ஒரு டப்பா அலமாரியில் இருக்கிறது. திங்கட்கிழமை அதை ஊற்றி, உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, தண்ணீர் சிவக்கிறதா என்று நீல விளக்கில் பார்க்க வேண்டும். அக்கா போன் செய்தாள், டாப்ளருக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.